ஜலதோஷமும் கைக்கடிகாரமும்

மருந்து சாப்பிட்டால் ஏழு நாளில் போகும். சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று ஜலதோஷத்தைப் பற்றி நம் வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கைதான் என்றாலும் மருத்துவ நூல்கள் பல பக்கங்களில் சொல்வதன் சாரம் இதில் அடங்கிவிடுகிறது. ஆனால் இந்த ஒரு வாரத்துக்குள் நாம் செய்கிற காரியங்களும், செய்யாமல் விடுகிற காரியங்களும்தான் சில வீடுகளில் பெரிய துன்பத்தில் கொண்டுபோய் விடுகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் சாந்திபுரம் ஆந்திரம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றும் நெருங்கி வரும் மூலையில் உள்ள ஊர். ஒரே தெருவில் தமிழர் வீட்டில் இதற்குச் சளி, ஜலதோஷம், தடுமன் என்று பெயர். தெலுங்கர் வீட்டில் ஜலுபு, படிசம். கன்னடக்காரர் வீட்டில் நெகடி. பெயர்கள் வேறானாலும் மூக்கு ஒழுகுவது எல்லார் வீட்டிலும் ஒன்றுபோலத்தான். ஐப்பசி மழை தொடங்கி மார்கழிப் பனி முடியும்வரை இந்தப் பக்கத்தில் தும்மல் கேட்காத வீடு இருக்காது.

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமோ பொறியாளன். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது, எந்தச் சத்தம் சாதாரணம், எந்தச் சத்தம் ஆபத்து என்று பார்த்தே பழகியவன். அந்தப் பழக்கத்தில் ஜலதோஷத்தைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு, முக்கியமாகப் பேரக் குழந்தைகளை வைத்திருக்கும் தாத்தா பாட்டிமாரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நோய்க்கு மருந்து சொல்வது மருத்துவர் வேலை. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், எப்போது வேண்டாம் என்று அறிவது வீட்டிலுள்ள நம் வேலை.

ஜலதோஷம் என்பது என்ன?

மூக்கின் உட்புறத்தையும் தொண்டையையும் வைரஸ் கிருமிகள் தாக்குவதால் வருவதே ஜலதோஷம். இதை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். அவற்றில் முதலிடம் ரைனோ வைரஸ் குடும்பத்துக்கு. மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் குடும்பத்தில் மட்டும் நூற்று அறுபதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு.

அம்மைக்கும் போலியோவுக்கும் தடுப்பு மருந்து கண்டவர்கள் ஜலதோஷத்துக்கு ஏன் காணவில்லை என்று பலர் கேட்பதுண்டு. விடை இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. ஒரு வகைக்கு உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயாரித்து முடிப்பதற்குள் வேறொரு வகை வந்து நிற்கிறது. ஒரு பூட்டுக்குச் சாவி செய்யலாம். நூற்று அறுபது பூட்டுக்கு ஒரே சாவி செய்வது எளிதல்ல. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையும், சிறு குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு முறையும் ஜலதோஷம் வருவது இயல்பே. குழந்தைக்கு மாதம் ஒரு முறை சளி பிடிக்கிறதே, உடம்பில் சத்து இல்லையோ என்று இளந்தாய்மார் கலங்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய குழந்தை பாடத்தோடு இதையும் வாங்கி வருகிறது.

மழையில் நனைந்தால் வருமா?

பாதையில் வேலை செய்யும் கேங்மேன்கள் கொட்டும் மழையில் நாள் முழுதும் நனைந்தபடி தண்டவாளத்தைக் காப்பார்கள். அவர்களில் எல்லாருக்கும் ஜலதோஷம் பிடித்து நான் பார்த்ததில்லை. குடைக்குள்ளேயே நடமாடும் அலுவலகக்காரர்கள் தும்மிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் ஊரில், போர்க்காலத்து மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில், ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே 1946இல் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது. விருப்பத்தோடு வந்து ஜலதோஷத்தை ஏற்றுக்கொண்ட தொண்டர்கள் ஏராளம். பத்து நாள் தங்கலும் சாப்பாடும் இலவசம். அங்கே ஒரு குழுவினரைக் குளிக்க வைத்து, உடம்பைத் துவட்டாமல் காற்று வீசும் நடையில் நிற்க வைத்துப் பார்த்தார்கள். மூக்கில் வைரஸ் விடாமல் வெறுமனே நனைந்து குளிர்ந்தவர்களுக்கு ஜலதோஷம் வரவில்லை. நனைவது மட்டும் போதாது. வைரஸ் வந்து சேர வேண்டும்.

அப்படியானால் நம் பாட்டிமார் சொன்னது முழுக்கத் தவறா? அதுவும் இல்லை. ரைனோ வைரஸ் 37 டிகிரி உடல் வெப்பத்தைவிட 33 முதல் 35 டிகிரி வரையில்தான் நன்றாகப் பெருகும். குளிர்ந்த காற்றை இழுக்கும் மூக்கின் உட்புறம் அந்த வெப்பநிலையில்தான் இருக்கிறது. மேலும் குளிர் நாளில் நாம் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் நெருங்கி இருக்கிறோம். ஆகவே குளிர்காலத்தில் ஜலதோஷம் அதிகம் என்று பாட்டி சொன்னது சரி. காரணம்தான் சற்று வேறு.

சாலிஸ்பரி நிலையத்தின் இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். 1960களில் அங்கே ஜலதோஷக்காரர் மூக்கு நீரில் புதுவகை வைரஸ் ஒன்றைக் கண்டார்கள். மின்னணு நுண்ணோக்கியில் அதைச் சுற்றி ஒளிவட்டம்போலத் தெரிந்ததால் அந்த வகைக்கு 1968இல் கொரோனா என்று பெயரிட்டார்கள். 2020இல் உலகத்தையே வீட்டுக்குள் அடைத்த வைரஸின் குடும்பப் பெயர், சாதாரண ஜலதோஷ ஆராய்ச்சியில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

எப்படித் தொற்றுகிறது?

கையாலும் காற்றாலும் தொற்றுகிறது. மூக்கைத் துடைத்த கையால் கதவுப் பிடியைத் தொடுகிறோம். அடுத்தவர் அதைத் தொட்டுத் தம் கண்ணையோ மூக்கையோ தேய்த்துக்கொள்கிறார். இது ஒரு வழி. இன்னொரு வழி தும்மல், இருமல், பேச்சு ஆகியவற்றின் மூலம் காற்றில் கலக்கும் நுண்துளிகள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1987இல் வெளியான ஆய்வு ஒன்று சுவையானது. ஜலதோஷம் பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒரே மேசையில் பன்னிரண்டு மணி நேரம் சீட்டாட வைத்தார்கள். நலமாக இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தம் முகத்தைத் தொட முடியாதபடி கையிலோ கழுத்திலோ தடுப்பு மாட்டினார்கள். முடிவில் முகத்தைத் தொட முடிந்தவர்களுக்கும் முடியாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் ஜலதோஷம் வந்தது. காற்றுவழித் தொற்றும் பெரிது என்பது அதனால் தெரிந்தது.

ஆகவே சோப்புப் போட்டுக் கை கழுவுவது, முழங்கை மடிப்பில் தும்முவது, ஜன்னலைத் திறந்து வைப்பது, ஜலதோஷம் பிடித்த பெரியவர் கைக்குழந்தையைத் தூக்கி முத்தமிடாமல் இரண்டு மூன்று நாள் பொறுத்திருப்பது ஆகிய நான்கும் நம்மால் முடிந்த தடுப்பு முறைகள். செலவு ஏதுமில்லை.

ஜலதோஷத்தின் கால அட்டவணை

ரயிலுக்கு இருப்பதுபோல் ஜலதோஷத்துக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. வைரஸ் உள்ளே புகுந்து ஒன்று முதல் மூன்று நாளில் தொண்டை கரகரக்கும். பிறகு தும்மலும் தண்ணீர்போல் மூக்கு ஒழுகுதலும். இரண்டாம் மூன்றாம் நாளில் தொல்லை உச்சத்துக்குப் போகும். பிறகு மூக்குச் சளி கெட்டியாகி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். ஏழு முதல் பத்து நாளில் பெரும்பாலும் முடிந்துவிடும். இருமல் மட்டும் கடைசிப் பெட்டிபோலப் பின்னால் வரும். இரண்டு வாரம்கூட இழுக்கும்.

மஞ்சள் நிறம் கண்டதும், சளி முற்றிவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மில் மிகுதி. கிருமியோடு போரிட வந்த வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு பொருளின் நிறமே அந்தப் பச்சை. நம் உடம்பு வேலை செய்வதன் அடையாளம் அது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

என்ன செய்யலாம்?

ஓய்வு, தூக்கம், வெதுவெதுப்பான நீர் ஆகாரம் இவை முதன்மையானவை. மிளகு ரசம், கண்டந்திப்பிலி ரசம், சுக்குக் காபி, துளசி, கற்பூரவல்லி என்று நம் அடுக்களையில் இருப்பவை எல்லாம் நல்லவையே. அவை வைரஸைக் கொல்லும் என்று நான் சொல்லமாட்டேன். சூடான நீர் தொண்டைக்கு இதம் தருகிறது. நீர்ச்சத்துக் குறையாமல் காக்கிறது. வாய்க்கும் ருசியாக இருக்கிறது. நோயாளிக்கு அதுவே பெரிது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதும் அப்படியே.

ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுத்தால் இரவு இருமல் சற்று அடங்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் சில நேரம் இருக்கும் ஒரு கிருமியின் விதை சிசுவின் குடலில் முளைத்து நரம்புகளை முடக்கும் நச்சை உண்டாக்கக்கூடும். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாத சிசுவுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு துளையிலும் ஓரிரு துளி விட்டால் போதும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும்.

வைட்டமின் சி பற்றிச் சொல்லாமல் விட்டால் அன்பர்கள் கேட்பார்கள். நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் 1970இல் அதைப் புகழ்ந்து ஒரு நூலே எழுதினார். பிறகு நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தினமும் சாப்பிட்டாலும் சாதாரண மனிதருக்கு ஜலதோஷம் வருவது குறையவில்லை. வந்த ஜலதோஷம் பெரியவர்களுக்கு நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவு சீக்கிரம் தீர்கிறது. ஏழு நாளில் எட்டுப் பங்கு என்றால் அரை நாள். ஒரு நெல்லிக்காயைத் தின்று திருப்தி அடைவது நல்லது.

என்ன செய்யக் கூடாது?

முதலாவது, தானாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவது. அசித்ரோமைசின், அமாக்சிசிலின் போன்றவை பாக்டீரியாவைக் கொல்பவை. வைரஸை அவை ஒன்றும் செய்வதில்லை. சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம். இருந்தாலும் போன தடவை மீந்த மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்த மாத்திரை என்று மூன்று நாள் விழுங்கிவிட்டு நிறுத்துகிறோம். நம் உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்தோடு பழகி அதற்கு அடங்காதவையாகின்றன. பிறகு உண்மையாகவே நிமோனியா வரும்போது அந்த மருந்து கைகொடுப்பதில்லை.

இரண்டாவது, சிறு குழந்தைகளுக்குச் சளி சிரப் கொடுப்பது. 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி, காய்ச்சலுக்கு கோல்ட்ரிஃப் என்ற சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதடைந்து இறந்தார்கள். இறந்தவர்கள் இருபது பேருக்கும் குறையாது. அந்த சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுப்பொருள் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 பங்குதான்.

இது முதல் முறையும் அன்று. 1937இல் அமெரிக்காவில் இதே நச்சு நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1970களின் தொடக்கத்தில் சென்னையிலும், 1986இல் மும்பையிலும், 1998இல் தில்லிப் பக்கத்திலும், 2022இல் ஆப்பிரிக்காவில் காம்பியாவிலும் இதே கதை. இனிப்பாக, கெட்டியாக, விலை மலிவாகக் கிடைக்கும் தொழிற்சாலைக் கரைப்பான் அது. மருந்தில் சேர்க்க வேண்டிய கரைப்பானின் இடத்தில் சோதனையின்றி அது நுழைந்துவிடுகிறது. ரயில்வேயில் ஒரு போல்ட் ஆணி வந்தால்கூட மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே பாதையில் மாட்டுவோம். குழந்தையின் வாய்க்குள் போகும் பொருளுக்கு அதைவிடக் குறைந்த சோதனை போதும் என்று எவரும் நினைத்தால் அதை மன்னிக்க முடியாது.

நஞ்சு கலவாத நல்ல சிரப்பாக இருந்தாலும் குழந்தைக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. 2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குள் சளி இருமல் மருந்து கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. பெரியவருக்கு வாங்கிய சிரப்பைக் கால் மூடி அளந்து குழந்தைக்கு ஊற்றும் வழக்கத்தை இன்றோடு விட வேண்டும்.

மூன்றாவது, மூக்கில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதிச் சளி எடுப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். அந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலில் இறங்கினால் அதுவே ஒருவகை நிமோனியாவாகும். சாம்பிராணிப் புகையும் சிசுவின் மூச்சுக்குழாயை அரிக்கும். கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்து ஆவி பிடிக்கும்போது வெந்துபோன குழந்தைகளும் உண்டு. குழந்தைகளுக்கு ஆவி பிடித்தலே வேண்டாம். ஆஸ்பிரினும் குழந்தைகளுக்கு ஆகாது.

வேலூர் தந்த பாடம்

இதுவரை சொன்னது, ஆபத்தில்லாத ஜலதோஷத்துக்கு ஆபத்தான மருந்து கொடுக்காதீர்கள் என்பது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வெறும் சளிதானே என்று நிமோனியாவை விட்டுவிடுவது. உலகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொற்றுநோய்களில் மிகுதியாகக் கொல்வது நிமோனியாதான். ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கு மேல். அதில் பல ஜலதோஷம்போலத்தான் தொடங்குகின்றன.

இரண்டையும் வேறுபடுத்துவது எப்படி? ஸ்டெதஸ்கோப்பும் எக்ஸ்ரேயும் இல்லாத கிராமத்தில் என்ன செய்வது? இதற்கு விடை தேடியவர்களில் நமக்கு மிக அருகில் இருந்தவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர். 1911 வரை நம் சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. வேலூர் அதே மாவட்டத்து ஊர். ஆகவே இது நம் வீட்டு ஆராய்ச்சி என்றே சொல்லலாம். தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் முதலிய மருத்துவர்கள், வெறும் சளி உள்ள குழந்தைகளையும் நுரையீரல் தொற்று உள்ள குழந்தைகளையும் ஒப்பிட்டு 1988இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூச்சின் வேகத்தை எண்ணினாலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பது அதன் முடிவு. ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல், அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைக்கு நாற்பதுக்கு மேல், கூடவே நெஞ்சு உள்ளிழுத்தல். இவையே அடையாளங்கள். பப்புவா நியூ கினியில் மருத்துவர் ஃபிராங்க் ஷான் செய்த ஆய்வும் முன்பே இதே திசையைக் காட்டியிருந்தது. இத்தகைய ஆய்வுகளை வைத்தே உலக சுகாதார நிறுவனம் கிராமப் பணியாளர்களுக்கான நெறிமுறையை வகுத்தது.

அதே காலத்தில் மராட்டியத்தில் கட்சிரோலி மாவட்டத்துக் கிராமங்களில் மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் இருவரும் அதிகம் படிக்காத கிராமத்துப் பணியாளர்களுக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்து, தேவைப்பட்ட குழந்தைக்கு மருந்தும் கொடுக்கச் செய்தார்கள். எண்ணத் தெரியாதவர்களுக்காக மணிகள் கோத்த எளிய கருவி ஒன்றையும் உருவாக்கினார்கள். அந்தக் கிராமங்களில் நிமோனியாவால் இறந்த குழந்தைகளின் விகிதம், மற்றக் கிராமங்களில் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது என்று 1990இல் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பாதை வேலையில் இருந்த ஒரு பழைய வித்தை நினைவுக்கு வந்தது. நீளமாகப் பற்றவைக்காத பழைய பாதையில் ஒவ்வொரு தண்டவாளமும் 13 மீட்டர். வண்டியில் உட்கார்ந்து இணைப்புகளில் சக்கரம் எழுப்பும் டக் டக் ஓசையை 47 விநாடிக்கு எண்ணினால், அந்த எண்ணே வண்டியின் மணி வேகம், கிலோமீட்டரில். மீட்டரும் வேண்டாம், டிரைவரைக் கேட்கவும் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். குழந்தையின் மூச்சும் அப்படித்தான்.

எண்ணும் முறை

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாகத் தாய் மடியில் இருக்க வேண்டும். தூங்கினால் எழுப்ப வேண்டாம். சட்டையைச் சற்று உயர்த்தி வயிறும் நெஞ்சும் தெரியும்படி வையுங்கள். விநாடி முள் உள்ள கடிகாரத்தை வைத்துக்கொண்டு, வயிறு ஒருமுறை மேலே எழுந்தால் ஒன்று என்று முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை. எண்ணிக்கை அதிகமாக இருந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். வேகமான மூச்சு என்பதன் அளவு இது:

இரண்டு மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்.
இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள்: 50 அல்லது அதற்கு மேல்.
ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள்: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த அளவை எட்டினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவானால் உடனே மருத்துவமனைதான். அந்த வயதில் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் அப்படியே.

எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குதல், அமைதியாக இருக்கும்போதே மூச்சில் கரகர ஒலி, முனகல், உதடு நீலமாதல், பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் சிவப்பு விளக்கு. அந்த நேரத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் 108 எண்ணுக்கு இலவச ஆம்புலன்ஸ் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு மூன்று நாளாகச் சளி. அதன் தாய், எந்த சிரப் வாங்கலாம் மாமா என்று என்னிடம் கேட்க வந்தாள். குழந்தை சிணுங்காமல் தோளில் சாய்ந்திருந்தது. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. திண்ணையில் உட்கார வைத்து எண்ணினேன், 58. மறுபடி எண்ணினேன், 60. சிரப் வேண்டாம் அம்மா, ஆட்டோ வேண்டும் என்று சொல்லி என் மனைவியையும் கூட அனுப்பினேன். நிமோனியா என்று சேர்த்துக்கொண்டு ஆக்சிஜன் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தது. இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். நான் செய்தது வைத்தியம் இல்லை. இரண்டு நிமிடம் எண்ணியதுதான்.

நிமோனியாவுக்குத் தடுப்பூசி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியில் நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான தடுப்பும் சேர்ந்திருக்கிறது; இதை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம். ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. தவணை தவறியிருந்தால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

முதியோர் கவனத்துக்கு

என் வயதினருக்கும் சில வார்த்தைகள். மூக்கடைப்புக்கான மாத்திரைகள் சில இரத்த அழுத்தத்தை ஏற்றும். தும்மலுக்கான மாத்திரைகள் தூக்கத்தைத் தருவதோடு, புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரை அடைக்கவும் செய்யும். ஜலதோஷக் கூட்டு மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கிறது. காய்ச்சலுக்கென்று தனியாக இன்னொன்றும் போட்டால் அளவு இரட்டிப்பாகிக் கல்லீரலைத் தாக்கும். அட்டையைத் திருப்பிப் படித்த பிறகே விழுங்குங்கள். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

திடீரென்று கடும் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் அது ஜலதோஷம் அன்று, ஃப்ளூவாகவோ கோவிட்டாகவோ இருக்கலாம். சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அப்போது காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், ஒருமுறை குறைந்து மறுபடி ஏறும் காய்ச்சல் இவையும் மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அன்பர்கள் மூச்சு எண்ணிக்கை உள்ள மூன்று வரிகளை மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, கடிகாரம் மாட்டிய சுவரிலேயே ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தமிழ் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்குத் தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதிக் கொடுங்கள். இன்று மாலை, வீட்டில் நலமாக இருக்கும் குழந்தை தூங்கும்போது ஒருமுறை எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். நலமான மூச்சு எப்படி ஓடுகிறது என்று கண்ணுக்குப் பழகியிருந்தால், மாறும்போது எளிதில் தெரியும்.